ஜாலி பாய் தீவில் ஏன் இத்தனை கெடுபிடி? அந்தமான் கடல் பூங்காவின் விதிகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

அந்தமான் போய் வந்தவர்களிடம், ஜாலி பாய் தீவுக்குப் படகு கிளம்பும் வண்டூரைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு புலம்பல் வரும். ஜாலி பாய் தீவைப் பார்க்கலாம் என்று போனோம், இப்போது அது மூடியிருக்கிறது, ரெட் ஸ்கின் தீவுதான் என்று சொல்லிவிட்டார்கள் என்பது ஒன்று. இன்னொன்று கொஞ்சம் நீளம்: ஜாலி பாய்க்கே போனோம், ஆனால் ஜெட்டியில் பையைக் கிளறி பிஸ்கட் கவரைக்கூட எடுத்து வைத்துவிட்டார்கள், தீவில் ஒரு டீக்கடை கிடையாது, கொஞ்ச நேரத்திலேயே படகுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், அப்புறம் அந்தப் பவளப்பாறையும் படத்தில் பார்த்த மாதிரி இல்லை, ஒரே பழுப்பு.

தனித்தனியாகப் பார்த்தால் இந்த விதிகள் எல்லாம் யாரோ ஒரு அதிகாரி மனம்போனபடி எழுதியது போலத்தான் தெரியும். ஆனால் இரண்டு விஷயங்கள் தெரிந்துவிட்டால் எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்திவிடும். பவளம் எப்படிச் சாப்பிடுகிறது என்பது ஒன்று. தீவின் காட்டில் பெய்கிற மழை எங்கே போகிறது என்பது இன்னொன்று.

எந்தப் பூங்கா, எங்கே இருக்கிறது

இதன் முழுப்பெயர் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா. தெற்கு அந்தமானின் தென்மேற்கில், போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் அரசு வைத்திருக்கும் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 30 கி.மீ. தூரத்தில் வண்டூர் ஜெட்டி இருக்கிறது. அங்கிருந்து படகு. 1983இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 281.5 சதுர கி.மீ., அதில் பெரும்பகுதி தண்ணீர். தார்முக்ளி, அலெக்ஸாண்ட்ரா, கிரப், ஹாப்டே, புளூட்டோ, மலாய் என்று 15 தீவுகள். வெள்ளைக்காரர்கள் இந்தக் கூட்டத்துக்கு வைத்த பெயரே லாபிரிந்த், அதாவது உள்ளே போனால் வழி தெரியாமல் சுற்றவைக்கும் அமைப்பு. இத்தனை தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் கால் வைக்கக்கூடியவை ஜாலி பாய், ரெட் ஸ்கின் இரண்டு மட்டும்தான். (ஜாலி பாய் என்பதில் பையன் யாரும் இல்லை, ஆங்கிலத்தில் கடல் மிதவையைக் குறிக்கும் சொல் அது.)

தேசியப் பூங்கா என்ற சொல்லையும் இங்கேயே தெளிவுபடுத்திவிடலாம், ஏனென்றால் பாதிக் குழப்பம் அந்தப் ‘பூங்கா’வால்தான் வருகிறது. நம் ஊரில் பூங்கா என்றால் பெஞ்சும் ஊஞ்சலும் சுண்டல்காரரும். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் அதன் பொருள் நேர் எதிர். சரணாலயத்திலாவது மக்களுக்குச் சில உரிமைகள் தொடரலாம். தேசியப் பூங்காவில் மேய்ச்சல், வெட்டுதல், எடுத்துப்போதல் எதற்கும் இடமில்லை. உள்ளே நுழைவதே அனுமதியின் பேரில்தான், அந்த அனுமதி தரக்கூடிய காரணங்களின் பட்டியலில் ஆராய்ச்சி, படமெடுப்பு போன்றவற்றோடு சுற்றுலாவும் ஒன்றாக இருக்கிறது. நாம் அந்தப் பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான்.

பவளம் எப்படிப் பிழைக்கிறது

பவளப்பாறை என்று சொல்லிச் சொல்லியே அது கல் என்று மனதில் பதிந்துவிட்டது. கிளை விட்டிருப்பதைப் பார்த்தால் செடி என்று தோன்றும். உண்மையில் அது விலங்கு. படிப்படியாகப் பார்க்கலாம்.

1. ஒரு பவளத்தின் அடிப்படை அலகுக்கு பாலிப் என்று பெயர். பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு சின்னப் பை, வாயைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் கைகள். ஜெல்லிமீனின் உறவுக்காரர். கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தனக்குக் கீழே ஒரு கிண்ணம் கட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான பாலிப்கள் ஒட்டிக்கொண்டு கட்டும் குடியிருப்பைத்தான் நாம் ஒரு பவளம் என்கிறோம். மேல்தோல் மட்டும்தான் உயிர், உள்ளே இருப்பதெல்லாம் முன்னால் வாழ்ந்தவை கட்டிவிட்டுப் போன சுண்ணாம்பு.

2. இந்தப் பாலிப்பின் திசுவுக்குள் ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. பாசி ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை தயாரித்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கும். பவளத்தின் ஆற்றல் தேவையில் 90 சதவீதம் வரை இந்த வாடகையிலிருந்தே வருகிறது. பதிலுக்குப் பாசிக்குக் கிடைப்பது பாதுகாப்பான இடமும் பாலிப்பின் கழிவும், அந்தக் கழிவுதான் அதற்கு உரம்.

3. பாசிக்கு வெயில் வேண்டும். அதனால் கடல்நீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தாக வேண்டும். தண்ணீர் கலங்கினால் சமையலறையில் அடுப்பு அணைந்தது போல. கலங்கலில் வந்த மண் மேலே படிந்துவிட்டால் இன்னும் மோசம், பாலிப் தன் சளியைச் சுரந்து அந்த மண்ணைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இருக்கிற கொஞ்சநஞ்ச சக்தியும் அதிலேயே போய்விடும்.

4. தண்ணீரில் சத்து அதிகம் இருக்கக் கூடாது. இது பலருக்கு விநோதமாகப் படும். சாக்கடை, உரம், உணவுக்கழிவு ஏதாவது கலந்து நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஏறினால் சுதந்திரமாக வளரும் பெரிய பாசிகள் கொழுத்துப் பவளத்தை மூடிவிடும். வெப்பமண்டலக் கடல் ‘ஏழைத் தண்ணீராக’ இருப்பதால்தான் பவளம் அங்கே ராஜா.

5. வளர்ச்சி ரொம்ப மெது. மான்கொம்பு மாதிரிக் கிளைவிடும் வகைகள் ஆண்டுக்கு 10 செ.மீ. அளவுக்குக்கூட நீளும். ஆனால் பாறாங்கல் போல உருண்டு கிடக்கும் வகைகள் ஆண்டுக்குச் சுமார் ஒரு செ.மீ.தான். முட்டி உயரத்துக்கு இருக்கும் ஒரு பவள உருண்டை ஏறத்தாழ அரை நூற்றாண்டு வயதுள்ளது. அதன்மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்கிறவர் பெரும்பாலும் அதைவிட இளையவர்.

காட்டுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்

கடல் பூங்கா என்றால் கடலைப் பாதுகாத்தால் போதாதா, தீவுகளின் மழைக்காட்டையும் ஏன் சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறார்கள்? மேலே சொன்ன மூன்றாவது புள்ளிதான் பதில்.

போர்ட் பிளேரில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்கிறது. சென்னைக்கு 1,400 மி.மீ. அளவில்தான். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. இவ்வளவு மழை சரிவான நிலத்தில் நேராக விழுந்தால் மேல்மண் ஒரு பருவத்துக்குள் கடலுக்குப் போய்விடும். போகாமல் தடுப்பது காடு. கர்ஜன், படாக் போன்ற நெடுமரங்களின் உச்சி முதலில் மழையின் வேகத்தை உடைக்கிறது, அடுத்த அடுக்கில் சின்ன மரங்கள், அதற்குக் கீழே கொடிகளும் புதர்களும், கடைசியாகத் தரையில் அழுகும் இலைமெத்தை. இத்தனையையும் தாண்டி மண்ணைத் தொடும்போது அது மழையாக இருக்காது, கசிவாகத்தான் இருக்கும். அப்படியும் அடித்துக்கொண்டு வரும் வண்டலைக் கரையோரத்து அலையாத்தி மரங்களின் வேர்க்கூட்டம் பிடித்து வைக்கிறது. அதையும் தாண்டி வருவது கடற்புல் படுகையில் படிகிறது (நம் பாக் நீரிணைக்காரர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசு மேய்வது இதைத்தான், அந்தமானின் மாநில விலங்கும் அதுவே). நாலு வடிகட்டி தாண்டித்தான் தண்ணீர் பவளத்துக்குப் போகிறது. காபி ஃபில்டரில் துணியைக் கிழித்துவிட்டு டிகாக்‌ஷன் தெளிவாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு, எனக்கு இந்த விஷயத்திலேயே பிடித்த பகுதி அது. மழைக்காட்டின் மண் செழிப்பானது என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் இல்லை. சத்து முழுக்க மரத்திலும் இலையிலும் இருக்கிறது, கீழே விழுந்த இலையைப் பூஞ்சையும் கரையானும் உடனே பிரித்து மறுபடி வேருக்கே கொடுத்துவிடுகின்றன. பவளப்பாறையும் அதே கதை: ஏழைத் தண்ணீர், ஆனால் பாசியும் பாலிப்பும் ஒன்றின் கழிவை இன்னொன்று தின்று எதையும் வீணாக்காமல் சுழற்றுகின்றன. இரண்டுமே வெளியிலிருந்து வரவு இல்லாமல், இருப்பதை வைத்துச் சிக்கனமாக ஓட்டும் குடும்பங்கள். மரத்தை வெட்டினால் காட்டின் சேமிப்பு ஒரு மழையில் கடலுக்குப் போகிறது, அது போய்ச் சேரும் இடத்தில் பவளத்துக்கு அது விஷம்.

அந்தமானில் இது நடக்காத விஷயம் ஒன்றும் இல்லை. வனத்துறை 1883இல் அமைந்ததிலிருந்து நூறு ஆண்டுக்கு மேல் மரம் வெட்டுவது இங்கே பெரிய தொழில், சாத்தம் தீவின் மர அறுவை ஆலையைச் சுற்றுலாக்காரர்கள் இன்றும் போய்ப் பார்க்கிறார்கள். இந்தத் தீவுகளின் காடுகளைப் பற்றி ஆராய நியமிக்கப்பட்ட ஷேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை வைத்து உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் போட்ட உத்தரவுதான் இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. கடற்கரை மணல் எடுப்பதையும் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது அதே உத்தரவு. ஆனால் வெட்டுவதை நிறுத்தினாலும் காடு தானாக மீண்டுவிடும் என்று சொல்ல முடியாது. வெள்ளைக்காரர்கள் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்கள் தீவுக்குத் தீவு நீந்திப் போய்ப் பெருகிவிட்டன. அவற்றைத் தின்ன புலியோ சிறுத்தையோ இங்கே கிடையாது, அதனால் முளைத்து வரும் கன்றுகளை எல்லாம் மேய்ந்துவிடுகின்றன. காட்டின் கீழ் அடுக்கு மெலிந்தால் மறுபடி மண் அரிப்புதான். மான் பவளத்துக்கு எதிரி என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் சங்கிலி அப்படித்தான் போகிறது.

விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால்

1. ஆறு மாதம் இந்தத் தீவு, ஆறு மாதம் அந்தத் தீவு. நவம்பரிலிருந்து மே பாதி வரை ஜாலி பாய், மீதி மாதங்களில் ரெட் ஸ்கின். ‘தீவுக்கு ஓய்வு’ என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். பாதி உண்மை. மீதிப் பாதி காற்று. மே மாதக் கடைசியிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கரையில்தான் நேராக மோதுகிறது. ஜாலி பாய் திறந்த கடலை ஒட்டி வெளியே இருக்கிறது, ரெட் ஸ்கின் வண்டூருக்குப் பக்கமாக மற்றத் தீவுகளின் மறைவில் இருக்கிறது. அந்த மாதங்களில் ஜாலி பாய்க்குப் படகு விடுவதே சிரமம், போனாலும் கலங்கலில் ஒன்றும் தெரியாது. சரி, ஓய்வு என்பது சும்மாவா? இல்லை. மழைக்காலத்தில் ஏற்கெனவே மண்ணோடு போராடிக்கொண்டிருக்கும் பவளத்தின் பக்கத்தில் இன்னும் நூறு ஜோடிக் கால்கள் மணலைக் கிளப்பாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் ஆறு மாதத்தில் அது மீண்டு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மேலே பவளத்தைப் பற்றிச் சொன்ன ஐந்தாவது புள்ளியின்படி ஒரு பவள உருண்டை ஆறு மாதத்தில் வளர்வது அரை செ.மீ.

2. பிளாஸ்டிக் தடை. இதில்தான் ஜெட்டியில் சண்டை அதிகம். தண்ணீருக்கு வைப்புத்தொகை கட்டிக் குடுவை வாங்கிப் போய்த் திருப்பித் தரும் ஏற்பாடு எரிச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். காரணம் இது: பவளத்தின் கிளைகளில் மெல்லிய பிளாஸ்டிக் உறை மாட்டினால் வெளிச்சமும் நீரோட்டமும் அந்த இடத்தில் நின்றுபோகும், உரசி உரசித் தோலைக் கிழிக்கும், கிழிந்த இடத்தில் நோய் தொற்றும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தமான் கரைகளில் ஒதுங்கும் குப்பையில் மியான்மர், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா லேபிள் போட்ட பாட்டில்கள் நிறைய. அதனால் நம் பிஸ்கட் கவரைப் பிடுங்கினால் கடல் சுத்தமாகிவிடாது. ஆனால் மிதந்து வருவதைத் தடுக்க வண்டூர் ஜெட்டியில் இருக்கும் ஊழியரால் முடியாது, பையில் வருவதைத் தடுக்க முடியும், அதைச் செய்கிறார்.

3. தொடாதே, நிற்காதே. மேல்தோல் மட்டுமே உயிர் என்று பார்த்தோம். அதை விரலால் தேய்த்தாலே சளிப் படலம் போய்விடும். ஸ்நார்கெலிங் தெரியாதவர்கள் பயத்தில் காலை ஊன்றும்போதுதான் பெரும்பாலான சேதம் நடக்கிறது, வேண்டுமென்றே உடைக்கிறவர்கள் குறைவு. தண்ணீரில் பழக்கம் இல்லை என்றால் கண்ணாடி அடிப்பலகை வைத்த படகே போதும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

4. செத்த பவளத்தைக்கூட எடுக்கக் கூடாது. “கரையில் கிடந்ததுதானே, செத்ததுதானே” என்பார்கள். பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே இடம். உயிருள்ளதா செத்ததா என்று சட்டம் பார்ப்பதில்லை. தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். இவ்வளவு கடுமை ஏன் என்று புரிய மன்னார் வளைகுடாவைப் பார்த்தால் போதும். அங்கே சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளத்தைப் பெயர்த்து எடுத்தார்கள். 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. செத்த பவளமும் அலையை உடைக்கிறது, புதுப் பவளக் குஞ்சு ஒட்டிக்கொள்ள இடம் தருகிறது, கடைசியில் நொறுங்கித் தீவின் மணலாகிறது. ஜாலி பாயின் வெள்ளை மணலே அதுதான். கிளிமீன் என்ற வண்ண மீன் பாறையைக் கொறித்துப் பாசியைத் தின்றுவிட்டுச் சுண்ணாம்பைப் பொடியாகக் கழிக்கிறது, பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்குச் சில நூறு கிலோ மணல் ‘உற்பத்தி’ செய்யும். நீங்கள் வெறுங்காலோடு ரசித்து நடக்கும் மணலில் கணிசமான பங்கு மீன் போட்டதுதான்.

5. இரவு தங்கல் இல்லை, கடை இல்லை. பவளத்தைப் பற்றிச் சொன்ன நாலாவது புள்ளி, தண்ணீரில் சத்து ஏறக் கூடாது என்பது. தங்கினால் கழிவறை வேண்டும், கழிவறை என்றால் நைட்ரஜன். சின்னத் தீவில் கழிவுநீர் மணலுக்குள் இறங்கினால் போய்ச் சேரும் இடம் பத்தடி தள்ளி இருக்கும் பவளம்தான்.

சன்ஸ்கிரீன் பற்றியும் கேட்பார்கள். ஆக்சிபென்சோன் போன்ற சில வேதிப்பொருள்கள் ஆய்வகத்தில் பவளக் குஞ்சுகளைப் பாதிப்பது தெரிந்துதான் பலாவ் நாடு 2020இலும் ஹவாய் மாநிலம் 2021இலும் தடை கொண்டுவந்தன. மண், கழிவுநீர், சூடு ஆகியவற்றோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயம் என்பது என் கருத்து. முழுக்கை பனியன் போட்டுக்கொண்டு இறங்கினால் அந்த விவாதமே தேவையில்லை.

“நிறமே இல்லையே, எல்லாம் செத்துப்போச்சா?”

பழுப்பாக இருந்தது என்று குறைபடுகிறவர்கள் பலர் பார்த்தது நல்ல ஆரோக்கியமான பவளத்தை. பாலிப்புக்குப் பெரும்பாலும் சொந்த நிறம் குறைவு. உள்ளே குடியிருக்கும் பாசியின் நிறம் பழுப்பும் மஞ்சள்பச்சையும். ஆகவே பழுப்பு என்றால் குடித்தனக்காரர் வீட்டில் இருக்கிறார் என்று பொருள். இதற்கு மேல், தண்ணீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடும், ஆழம் போகப் போக எல்லாம் நீலச்சாயலாகத் தெரியும். விளம்பரப் படங்களில் தெரியும் சிவப்பும் ஆரஞ்சும் விளக்கு அடித்து எடுத்தவை.

பார்த்து அடையாளம் காண ஒரு எளிய வழி:

பழுப்பு, மங்கலான பச்சை, மஞ்சள் என்றால் பெரும்பாலும் நலம். பளிச்சென்ற வெள்ளை என்றால் வெளிறியிருக்கிறது, ஆனால் இன்னும் உயிரோடு இருக்கலாம். சில சமயம் வெளிறும்போது கண்ணைப் பறிக்கும் ஊதாவும் நீலமும் தெரியும், பயணிகள் ஆகா என்று படமெடுப்பார்கள், அது ஆபத்தின் அறிகுறி. சாம்பல்பச்சையில் நூல் நூலாகப் பாசி படர்ந்திருந்தால்தான் அந்தப் பவளம் போய்விட்டது.

விதிகளுக்கு அடங்காத ஒன்று: சூடு

வெளிறல் என்ற சொல் ஒவ்வொரு கோடையிலும் செய்தியில் வருகிறது. நடப்பது இதுதான். ஒரு இடத்தின் வழக்கமான கோடைக்கால உச்சத்தைவிடக் கடல்நீர் ஒரு டிகிரி கூடி, அது நாலு வாரம்போல நீடித்தால் பாசியின் ஒளிச்சேர்க்கை தடம்புரண்டு நச்சுப் பொருள்கள் உருவாகத் தொடங்கும். பாலிப் வேறு வழியில்லாமல் பாசியை வெளியே தள்ளிவிடும். நிறம் போகிறது, உள்ளே இருக்கும் சுண்ணாம்பின் வெள்ளை தெரிகிறது. வாடகை நின்றுபோன வீட்டுக்காரர் கையிருப்பை வைத்துச் சில வாரம் தாக்குப்பிடிப்பார். அதற்குள் தண்ணீர் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும். குளிராவிட்டால் பட்டினியால் சாவு.

ஒரு டிகிரிதானே என்று தோன்றும். நம் உடம்பில் 37க்குப் பதில் 38 இருந்தால் வேலைக்குப் போக மாட்டோம், ஒரு மாதம் அப்படியே இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

அந்தமான் பவளங்கள் 1998, 2010, 2016 ஆண்டுகளில் வெளிறின. 2010 ஏப்ரல், மே மாதங்களில் அடி பலமாக இருந்தது. 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா, உலக அளவிலான நான்காவது வெளிறல் நடந்துகொண்டிருப்பதாக அறிவித்தது. அடி வாங்கிய ஒரு பாறை ஓரளவு மீள்வதற்குப் பத்து, பதினைந்து ஆண்டு தேவைப்படும். மேலே உள்ள ஆண்டுகளின் இடைவெளியைக் கழித்துப் பாருங்கள், பன்னிரண்டு, ஆறு, எட்டு.

அப்படியானால் எந்த விதியாலும் பயன் இல்லையே, பிஸ்கட் கவரைப் பிடுங்கி என்ன ஆகப்போகிறது? இங்கேதான் காடும் கலங்கலும் மறுபடி வருகின்றன. வெளிறியபின் ஒரு பவளம் மீள்வதும் மீளாததும், சுற்றியுள்ள தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா, பாசியை மேய மீன்கள் இருக்கின்றனவா, புதுக் குஞ்சுகள் ஒட்ட மண்படியாத இடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. சூட்டைப் பூங்கா நிர்வாகத்தால் குறைக்க முடியாது. காய்ச்சல்காரருக்குப் பட்டினி போடாமல் பார்த்துக்கொள்ள முடியும்.

இந்திய, பசிபிக் கடல்கள் இரண்டிலும் காடு, பறவை, பவளம் மூன்றையும் சேர்த்து ஆராய்வது இப்போது அதிகமாகிவருகிறது. சாகோஸ் தீவுகளில் 2018இல் வெளியான ஓர் ஆய்வு சுவாரசியமானது: எலி இல்லாத தீவுகளில் கடற்பறவைகள் கூடு கட்டுகின்றன, அவற்றின் எச்சம் மழையில் கரைந்து அளவாகக் கடலுக்குப் போகிறது, அந்தத் தீவுகளை ஒட்டிய பாறைகளில் மீன்களின் மொத்த எடை எலி புகுந்த தீவுகளைவிட ஏறக்குறைய பாதி மடங்கு அதிகமாக இருந்தது. எலியை ஒழித்தால் மீன் பெருகும் என்ற கணக்கை இருபது வருடம் முன்னால் சொல்லியிருந்தால் யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள்.

2004 என்ன செய்தது

சுனாமி என்றால் அலை மட்டும் என்று நினைக்கிறோம். அந்தமானில் அன்று நிலமே நகர்ந்தது. டிசம்பர் 26 பூகம்பத்தில் வடக்கு, மேற்கு அந்தமானின் சில கரைகள் மேலே எழும்பின, அங்கே பவளப்பாறைகள் கடல் ஏற்றத்தில்கூட நனையாத உயரத்துக்கு வந்து வெயிலில் காய்ந்து செத்தன. தெற்கே நேர்மாறு. போர்ட் பிளேர் பகுதி சுமார் ஒரு மீட்டர் இறங்கியது, சிப்பிகாட்டில் வயலாக இருந்தது நிரந்தரமாக உப்புத்தண்ணீருக்குள் போனது. நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. வண்டூர் கடற்கரையில் வேரோடு சாய்ந்து வெளுத்துக் கிடக்கும் பெரிய மரங்களைப் பலர் அழகான பின்னணி என்று படமெடுக்கிறார்கள், அவை கரையோரக் காடு கடலுக்குள் இறங்கியதன் மிச்சம். வடிகட்டியின் ஓர் அடுக்கு அந்த ஒரு நாளில் போனது.

‘பவளத்தை இடம் மாற்றிவிடுவோம்’ என்ற செய்தி

கிரேட் நிக்கோபார் தீவில், கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகங்களைக் கப்பல்விட்டுக் கப்பல் மாற்றும் துறைமுகமும், அதோடு விமான நிலையம், நகரியம், மின்நிலையமும் கட்டும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. சுமார் 130 சதுர கி.மீ. காட்டுநிலம் அதற்குத் திருப்பிவிடப்படுகிறது. அங்குள்ள 20,668 பவளக் கூட்டங்களில் 16,150ஐ வேறு இடத்துக்கு மாற்றுவோம் என்று அரசு சொல்லியிருக்கிறது. இது முடியுமா என்ற கேள்விக்கு இரண்டு பகுதிப் பதில்.

தொழில்நுட்பமாகப் பார்த்தால், பவளத்தைப் பெயர்த்துச் சட்டகங்களில் கட்டி வளர்ப்பது தெரிந்த வேலைதான். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் மன்னார் வளைகுடாவில் 2002 முதல் இதைச் செய்துவருகிறது. ஆனால் அங்கே நடப்பது சேதமான இடத்தைத் திருத்துவது, உடைந்த துண்டுகளை வைத்துப் பொறுமையாக. ஓர் இடத்தைக் காலி செய்வதற்காக ஆயிரக்கணக்கில் நகர்த்துவது வேறு வேலை. அப்புறம், நகர்த்தும் இடம் பவளத்துக்கு அவ்வளவு பொருத்தமானது என்றால் அங்கே ஏற்கெனவே பவளம் இருந்திருக்கும், இடம் காலியாக இருந்திருக்காது. காலியாக இருக்கிறது என்றால் ஏன் என்று கேட்க வேண்டும். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது மேலே உள்ள காடு. பவளக் கூட்டங்களை எண்ணிக் கணக்குக் காட்டிவிடலாம், ஆனால் அத்தனை காடு போனபிறகு பருவமழையில் சரிவிலிருந்து இறங்கும் மண் எந்தக் கடலுக்குப் போகும் என்பதும் அதே கணக்கில் வர வேண்டும்.

போகிறவர்களுக்கு

1. இந்தியக் குடிமக்களுக்கு அந்தமான் போக அனுமதி எதுவும் தேவையில்லை. பூங்காவுக்கு வனத்துறை அனுமதி தேவை, ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு, அதனால் முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது.

2. தெளிந்த தண்ணீர் வேண்டும் என்றால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. பள்ளி விடுமுறையை ஒட்டி மே மாதம் போகிறவர்கள் ஜாலி பாய் மூடும் தேதியைப் பார்த்துக்கொண்டு டிக்கெட் போட வேண்டும்.

3. சாப்பாட்டை வாழை இலையிலோ டிபன் பாக்ஸிலோ கட்டிக்கொண்டு போனால் ஜெட்டியில் யாரோடும் பேச வேண்டியதில்லை.

4. வண்டூர் கடற்கரையில் வலை கட்டிய பகுதிக்கு வெளியே நீந்தக் கூடாது. பக்கத்திலேயே லோஹாபாரக் உவர்நீர் முதலைச் சரணாலயம் இருக்கிறது, முதலைகளுக்கு எல்லைப் பலகை படிக்கத் தெரியாது.

5. படகுகள் காலையில் கிளம்பி மதியத்துக்குப் பின் திரும்பிவிடும். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை.